நினைப்பது யார்? மூளையின் கூட்டு வேலை



மூளையின் வேலையைப் பற்றிப் பேச வேண்டுமென்று இவ்வாசகசாலைத் தோழர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். மூளையைப் பற்றி நாள் கணக்கில் பேசலாம். ஆதலால் அதில் ஒரே ஒரு விஷயத்தை மாத்திரம் எடுத்துக் கொள்ளுகிறோம். அதாவது, மனிதன் ஒன்றை யோசிக்கும்போது மூளையின் பல பாகங்கள் எப்படித் தாளம் தவறாமல் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்கின்றன என்பதையும், அந்தச் சேர்க்கை அளவுக்கு மிஞ்சினால் என்ன நேருகின்றது என்பதையும், இந்த அறிவு நம் வீட்டுக்கும் ஊருக்கும் எந்த விதத்தில் உபயோகப்படும் என்பதையும் சொல்லப் போகிறோம். கேட்டவற்றில் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள். படாததைத் தாராளமாய்த் தள்ளிவிடலாம்.

உள்ளே ஓர் எஜமானன் உண்டா?

பொதுவாக ஜனங்களை "யோசிப்பது எது?" என்று கேட்டால் "மனம்" என்பார்கள். "மனம் எங்கே இருக்கின்றது?" என்றால் சிலர் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள், சிலர் நெற்றியைத் தொட்டுக் காட்டுவார்கள். இன்னும் கொஞ்சம் துருவிக் கேட்டால், தலைக்குள்ளே ஓர் எஜமானன் உட்கார்ந்து கொண்டு, கண் என்னும் ஜன்னல் வழியாய்ப் பார்த்து, காது என்னும் துவாரத்தின் வழியாய்க் கேட்டு, கைக்கும் காலுக்கும் உத்தரவு போடுகின்றான் என்பது போன்ற எண்ணமே அநேகமாய் எல்லோரிடமும் இருந்து வருவது தெரியவரும். அவனுக்கு ஒருவர் ஆத்மா என்று பெயர் வைப்பார். மற்றொருவர் ஜீவன் என்பார். பெயர் எதுவாயிருந்தாலும் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அந்த எஜமானன் எப்படி யோசிக்கின்றான்? அவன் தலைக்குள் இன்னொரு எஜமானன் இருக்கின்றானா? இருந்தால் அவன் தலைக்குள் யார்? இப்படிக் கேட்டுக் கொண்டே போனால் இதற்கு முடிவே இல்லை. ஆதலால் எஜமானன் ஒருவன் இருக்கின்றான் என்பது நம் கேள்விக்குப் பதில் ஆகாது. பதில் சொல்லாமல் தப்பித்துக் கொள்ளும் வழியே ஆகும்.

நிற்க, மூளையைத் திறந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைப் பார்ப்போம். மனிதனுடைய மூளை சுமார் 1400 கிராம் எடையுள்ளது. அதாவது உடம்பின் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் நாம் உண்டு சேர்க்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது தின்று விடுகின்றது. அதற்குள் சுமார் 8600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக 2009 ஆம் ஆண்டில் பிரேசில் தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். இத்தனை கோடியிலும் ராஜாவைப் போல் தனியாய்ச் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கும் அணு ஒன்றையாவது இதுவரை யாரும் கண்டதில்லை.

கண்டதெல்லாம் வேலைப் பங்கீடுதான். 1861 இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் பால் புரோக்கா, "டான்" என்ற ஒரு சப்தத்தைத் தவிர வேறொன்றும் பேச முடியாத ஒரு நோயாளி இறந்த பின்பு அவன் மூளையைச் சோதித்தார். இடது பக்கத்தில், நெற்றிப் பாகத்தில் ஓரிடம் கெட்டுப் போயிருந்தது. பேச்சை உண்டாக்குவதில் அந்த இடத்துக்குப் பங்குண்டு என்று அதிலிருந்து தெரிந்தது. 1874 இல் ஜெர்மானியரான கார்ல் வெர்னிக்கே, பிறர் பேச்சைப் புரிந்து கொள்ளுவதற்கு வேறோர் இடம் முக்கியமானது என்று காட்டினார். பார்வையிலுங்கூட நிறத்துக்கு ஓரிடமும், அசைவுக்கு வேறோர் இடமும் உண்டு. 1983 இல் ஜெர்மனியிலிருந்து வெளியான ஒரு வைத்திய விவரம் இதற்கு நல்ல சாட்சியாகும். ஒரு அம்மாளுக்கு மூளையில் ஏற்பட்ட கோளாறினால் அசைவை மாத்திரம் பார்க்க முடியாமல் போய்விட்டது. நிறம் தெரியும், உருவம் தெரியும். ஆனால் கிண்ணத்தில் தேநீரை ஊற்றினால் அது உறைந்து நிற்பதாகத் தோன்றும். தூரத்தில் நின்ற மோட்டார் வண்டி திடீரென்று பக்கத்தில் நிற்கும். நடுவில் அது ஓடி வந்தது தெரியாது.

இங்கேதான் கஷ்டமான கேள்வி பிறக்கின்றது. ஒரு மாம்பழத்தைப் பார்க்கிறோம். அதன் மஞ்சள் நிறம் ஓரிடத்தில், உருண்டை வடிவம் ஓரிடத்தில், வாசனை ஓரிடத்தில், அதன் பெயர் ஓரிடத்தில், போன வருஷம் தின்ற ருசியின் ஞாபகம் இன்னோரிடத்தில் என்று வேலை பிரிந்து கிடந்தால், இவையெல்லாம் சேர்ந்து "இது ஒரு மாம்பழம்" என்ற ஒரே நினைப்பாய் எப்படி ஆகின்றன? எல்லாவற்றையும் வாங்கிக் கட்டி அனுப்பும் தலைமைத் தபால் ஆபீஸ் ஒன்று மூளையில் காணப்படவில்லையே!

மூளையின் மின்சாரம்

இதற்கு ஒரு துப்பு மின்சாரத்திலிருந்து கிடைத்தது. 1875 இல் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து வைத்தியர் ரிச்சர்ட் கேட்டன், முயல், குரங்கு இவைகளின் மூளையில் மின்சாரம் ஓடுவதைக் கருவி வைத்துக் கண்டார். மனிதன் தலையிலிருந்து அதை முதன்முதல் 1924 இல் எழுதியெடுத்தவர் ஜெர்மனியில் ஜேனா நகரத்திலிருந்த ஹான்ஸ் பெர்கர் என்பவர். மண்டைக்குள் ஆயுதம் விட வேண்டியதில்லை. தலைத் தோலின் மேல் உலோகத் தகட்டை வைத்தாலே போதும் என்று அவர் காட்டினார்.

இந்தப் பெர்கர் எதைத் தேடிப் புறப்பட்டார் என்பது நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய விஷயமாகும். அவர் வாலிபத்தில் பட்டாளத்தில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் அகப்படாமல் மயிரிழையில் தப்பினார். அன்றைய தினமே அவர் தகப்பனாரிடமிருந்து க்ஷேமம் விசாரித்துத் தந்தி வந்தது. தூரத்திலிருந்த தமக்கைக்கு மனதில் ஏதோ சஞ்சலம் தோன்றி, அவள் சொல்லித் தந்தி கொடுத்தார்களாம். இதைக் கொண்டு, மனிதன் நினைப்பு ஆகாயத்தில் பாய்ந்து இன்னொருவன் மனதில் புகுமென்று பெர்கர் நம்பிவிட்டார். அந்த நம்பிக்கையே அவரை மூளையின் சக்தியை அளக்கும் வேலையில் இறக்கியது. ஆனால் கருவி காட்டியது என்ன? தலைத் தோலில் கிடைக்கும் மின்சாரம் ஒரு வோல்ட்டில் லட்சத்தில் சில பங்கு மாத்திரமே. கைவிளக்கின் ஒரு பாட்டரியில் இருப்பது 1.5 வோல்ட் என்றால், அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளலாம். அது மண்டையோட்டைத் தாண்டி வருவதற்கே திணறுகின்றது. ஊர்விட்டு ஊர் எப்படிப் போகும்? தேடிப் போனது தூர நினைப்பு. கிடைத்தது மூளை அலை. நம்பிக்கை எதுவாயிருந்தபோதிலும், கருவி காட்டியதை ஒளிக்காமல் 1929 இல் அவர் வெளியிட்டார். அதனால்தான் உலகம் இன்றும் அவர் பெயரைச் சொல்லுகின்றது.

பெர்கர் கண்டதில் விசேஷம் என்னவென்றால், மனிதன் கண்ணை மூடிக் கொண்டு சும்மா இருக்கும்போது பெரிய அலைகள், வினாடிக்குச் சுமார் 10 வீதம், ஒழுங்காய் எழும்புகின்றன. கண்ணைத் திறந்தாலும் மனக்கணக்குப் போட்டாலும் அவை மறைந்து விடுகின்றன. இதைப் பலர் முதலில் நம்பவில்லை. 1934 இல் கேம்பிரிட்ஜில் நோபெல் பரிசு பெற்ற ஏட்ரியனும் அவர் துணைவர் மேத்யூசும் பலர் முன்னிலையில் இதைச் செய்து காட்டினார்கள். ஏட்ரியன் தம்முடைய தலையையே சோதனைக்குக் கொடுத்தார். ஒரு நீர்வண்டின் நரம்பிலிருந்தும் இதைப் போன்ற அலை வருவதைக் கூடவே காட்டினார். பெரிய விஞ்ஞானியின் மூளையையும் வண்டின் நரம்பையும் ஒரே கருவியில் வைத்துப் பார்ப்பதில் அவருக்கு யாதொரு கௌரவக் குறைவும் தோன்றவில்லை.

சும்மா இருக்கும்போது பெரிய அலை, யோசிக்கும்போது சின்ன அலை என்பது தலைகீழாய் இருக்கின்றதே என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்தப் பந்தலில் உள்ள நீங்கள் எல்லோரும் ஒரே தாளத்தில் கை தட்டினால் அந்தச் சத்தம் கடைத்தெருவரை கேட்கும். அதே நீங்கள் நாலு பேர் நாலு பேராய்ப் பிரிந்து அவரவர் காரியத்தைப் பேச ஆரம்பித்தால், வெளியில் இருப்பவனுக்கு ஏதோ இரைச்சல் என்றுதான் கேட்கும். ஆனால் விஷயம் நடப்பது எப்போது? கை தட்டும்போதல்ல, பேசும்போதுதான். மூளையிலும் கோடிக்கணக்கான அணுக்கள் ஒரே மாதிரி ஆடினால் வெளியில் பெரிய அலை தெரிகின்றது. வேலை வந்தவுடன் அந்த ஒரே ஆட்டம் கலைந்து, வேண்டிய பாகம் வேண்டிய பாகத்தோடு மாத்திரம் நுட்பமான தாளத்தில் சேர ஆரம்பிக்கின்றது.

இரண்டு உலக்கைகளின் ஒழுங்கு

உத்தரவு போடுபவன் இல்லாமல் தாளம் எப்படி உண்டாகும் என்று கேட்பீர்கள். ஒரே உரலில் இரண்டு பெண்கள் நெல் குத்துவதைப் பார்க்காதவர்கள் இங்கு யாருமில்லை. ஒருத்தி உலக்கை மேலே போகும்போது மற்றவள் உலக்கை கீழே இறங்குகின்றது. பக்கத்தில் நின்று யாரும் எண்ணிச் சொல்லுவதில்லை. ஒருத்தி கையை மற்றவள் கவனிக்கிறாள், அவ்வளவுதான். தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும், நெல் குத்துப்படாது. உயிரில்லாத பொருளிலுங்கூட இது நடக்கின்றது. 1665 இல் ஹாலந்து தேசத்து ஹைகென்ஸ் என்னும் அறிஞர் நோயாய்ப் படுத்திருந்தபோது, ஒரே மரச் சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்களைப் பார்த்துக் கொண்டிருந்தார். ஒன்றின் ஊசல் வலது பக்கம் போகும்போது மற்றொன்று இடது பக்கம் போனது. கலைத்து விட்டாலும் அரைமணி நேரத்துக்குள் திரும்பவும் அதே ஒழுங்குக்கு வந்து சேர்ந்தன. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத சிறு அசைவே ஒன்றின் செய்தியை மற்றொன்றுக்குக் கொண்டு போயிற்று. அதில் தேவதையும் இல்லை, மந்திரமும் இல்லை.

மூளையிலும் இப்படித் தாளத்தினாலேயே பாகங்கள் சேருகின்றனவோ என்ற யோசனையை 1981 இல் வான் டெர் மால்ஸ்பர்க் என்ற ஜெர்மானியர் எழுதினார். 1989 இல் பிராங்க்பர்ட் நகரத்தில் உல்ப் சிங்கரும் அவருடைய தோழர்களும் பூனைகளின் மூளையில் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஒரே கோட்டின் இரண்டு துண்டுகளைப் பார்க்கும், தூரத்தில் உள்ள இரண்டு அணுக்கூட்டங்கள், அந்தக் கோடு ஒன்றாய் நகரும்போது வினாடிக்குச் சுமார் 40 தடவை ஒரே சமயத்தில் துடித்தன. துண்டுகள் வெவ்வேறு திசையில் போனால் அந்த ஒற்றுமை காணப்படவில்லை. 1991 இல் அவர்களே, மூளையின் வலது பாதியையும் இடது பாதியையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அறுத்துப் பார்த்தபோது, இரண்டு பாதிகளுக்கும் இடையிலிருந்த அந்தத் தாளம் இல்லாமல் போயிற்று. ஆகவே தாளம் மேலேயிருந்து வந்ததல்ல. நரம்பு என்னும் கயிற்றின் வழியாய், ஒரு பாகத்தை மற்றொரு பாகம் தொட்டுக் கொள்ளுவதால் வந்தது என்பது விளங்கும்.

தாளம் ஒன்றானால் செய்தி ஏன் சுலபமாய்ப் போகும் என்பதற்குப் பாஸ்கல் பிரீஸ் என்ற ஆராய்ச்சிக்காரர் 2005 இல் ஒரு காரணம் சொன்னார். ஒவ்வொரு அணுக்கூட்டமும் ஒரு கணம் செய்தியை வாங்கத் தயாராகவும், மறுகணம் வாங்காமலும் மாறி மாறி இருக்கின்றது. ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையைத் தள்ளிவிடுகிறவன் ஊஞ்சல் தன் பக்கம் வந்து திரும்பும் சமயம் பார்த்துத் தள்ளினால் விரல் பட்டாலே போதும். சமயம் தப்பித் தள்ளினால் கைதான் நோகும். அதுபோல், அனுப்பும் பாகமும் வாங்கும் பாகமும் ஒரு தாளத்தில் இருந்தால் செய்தி உள்ளே போகும். இல்லாவிட்டால் வாசலில் நின்று திரும்பும். ஆயிரம் செய்திகள் வந்து மோதும் மூளையில் இந்தச் சமயத்துக்கு வேண்டியது எது என்று பொறுக்குவதற்கு இதுவே ஒரு வழி என்பது அவருடைய அபிப்பிராயம்.

யோசிக்கும்போது நடப்பது

இவை பூனையைப் பற்றியவை. மனிதனைப் பற்றி என்ன என்று கேட்பீர்கள். 1998 இல் வியன்னா நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள், எழுத்துகளையோ கோட்டுச் சித்திரத்தையோ ஒரு முறை காட்டிவிட்டு, நாலு வினாடி ஞாபகத்தில் வைத்துக் கொள்ளும்படி சிலரைக் கேட்டார்கள். அப்படி வைத்திருக்கும் நேரத்தில் நெற்றிப் பக்கத்து மூளைக்கும் பின்பக்கத்து மூளைக்கும் வினாடிக்கு 4 முதல் 7 வரையுள்ள மந்தமான தாளத்தில் ஒற்றுமை அதிகப்பட்டது. கடைக்காரன் கணக்கைக் கையில் எழுதாமல் மனதில் வைத்துக் கூட்டும்போது, முன்னும் பின்னும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக் கொண்டிருக்கின்றன என்று சொல்லலாம்.

1999 இல் பாரிசில் பிரான்சிஸ்கோ வரேலா என்ற சிலி தேசத்து அறிஞரும் அவர் கூட்டத்தாரும் செய்தது இதைவிட நேர்த்தியானது. வெறும் கறுப்பு வெள்ளைத் திட்டுகளால் ஆன ஒரு படத்தைக் காட்டினார்கள். நேராய்ப் பிடித்தால் மனித முகம் தெரியும். தலைகீழாய்ப் பிடித்தால் வெறும் திட்டாய்த் தெரியும். முகத்தைக் கண்டுகொண்டவர்களின் தலையில், படம் காட்டிய கால் வினாடிக்குள், தூரத்துப் பாகங்கள் தாளம் சேர்ந்தன. திட்டு என்று பார்த்தவர்களிடம் அந்தச் சேர்க்கை அவ்வளவாய் இல்லை. முக்கியமான விஷயம் இனிமேல்தான் இருக்கின்றது. கண்டுகொண்டதற்கும், அதற்குப் பதிலாக விரலால் பொத்தானை அமுக்குவதற்கும் நடுவில், அந்தச் சேர்க்கை நன்றாய்க் கலைந்தது. பிறகு வேறொரு சேர்க்கை உண்டாயிற்று. அதாவது ஒரு நினைப்பு முடிந்து அடுத்த நினைப்பு பிறக்க வேண்டுமானால், முன்பு கூடினவர்கள் கலைந்து போக வேண்டும். கூடத் தெரிந்தால் மாத்திரம் போதாது. கலையவும் தெரிய வேண்டும்.

2007 இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த புஷ்மனும் மில்லரும் குரங்குகளிடம் ஒன்று கண்டார்கள். ஒரு பொருள் தானே பளிச்சென்று கண்ணில் பட்டால், மூளையின் முன்பாகமும் உச்சிப் பாகமும் விரைவான தாளத்தில் அதிகமாய்ச் சேர்ந்தன. அதே பொருளைப் பலவற்றுக்கு நடுவில் தானாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால், மந்தமான தாளத்தில் அதிகமாய்ச் சேர்ந்தன. ஆகவே தாளம் எல்லா வேலைக்கும் ஒன்றாய் இல்லை. வேலைக்குத் தகுந்த கூட்டு, கூட்டுக்குத் தகுந்த தாளம்.

ஆனால் தோழர்களே! விஞ்ஞானிகளிலேயே பலர் இதை ஒத்துக் கொள்ளாமல் தர்க்கம் செய்து வருகிறார்கள் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. தாளம் சேருவதும் யோசனை நடப்பதும் ஒரே சமயத்தில் நடப்பதால் மாத்திரம் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகி விடுமா? சேவல் கூவுவதும் பொழுது விடிவதும் ஒரே சமயத்தில்தான் நடக்கின்றன. சேவலால் விடிகின்றது என்று யாராவது சொல்லுவார்களா என்பது அவர்கள் ஆட்சேபணையின் சாரமாகும். இது நியாயமான கேள்வி. இதற்கு வாயால் பதில் சொன்னால் போதாது. தாளத்தை மாற்றிப் பார்த்து, யோசனை மாறுகின்றதா என்று காட்ட வேண்டும். 2019 இல் அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அப்படியொரு பரீட்சை நடந்தது. 60 வயதுக்கும் 76 வயதுக்கும் உட்பட்ட 42 பேருக்கு, நெற்றிப் பக்கத்தையும் காதோரப் பொட்டுப் பக்கத்தையும் தாளம் சேர்க்கும்படி, வலியில்லாத மெல்லிய மின்சாரத்தை 25 நிமிஷம் செலுத்தினார்கள். அவர்களுடைய குறுகிய நேர ஞாபகம் இருபது வயதுக்காரர்களின் அளவுக்கு உயர்ந்தது. மின்சாரத்தை நிறுத்திய பின்பும் 50 நிமிஷ நேரம் அந்தப் பலன் இருந்தது. ஒரு பரீட்சையினால் சர்வமும் ருஜுவாகி விட்டது என்று நாம் சொல்லவில்லை. கிழவர்களெல்லாம் நாளைக்கே வாலிபர்களாகி விடுவார்கள் என்றும் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் தேடும் யோக்கியமான வழி இதுதான் என்று மாத்திரம் சொல்லுகிறோம்.

அன்றியும், ரண சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்கும்போது என்ன நடக்கின்றது? அணுக்கள் செத்துப் போவதில்லை. மூளையில் ரத்தம் ஓடிக் கொண்டுதான் இருக்கின்றது. ஆனால் மந்தமான பெரிய அலைகள் எழும்பி, தூரத்துப் பாகங்களுக்குள் இருந்த போக்குவரத்துக் குலைந்து விடுகின்றது. உடனே மனிதனுக்கு நினைப்பில்லை. மருந்து இறங்கினதும் போக்குவரத்துத் திரும்புகின்றது, நினைப்பும் திரும்புகின்றது. உடம்புக்குச் சம்பந்தமில்லாத ஆத்மாதான் நினைக்கின்றது என்றால், ஊசியில் ஏற்றும் சில துளி மருந்து அதை எப்படி நிறுத்த முடியும் என்பதை அப்படிச் சொல்லுகிறவர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

சேர்க்கை மிஞ்சினால்

இனி வீட்டுக்கு வேண்டிய விஷயத்துக்கு வருவோம். ஒற்றுமை நல்லதுதானே, மூளை முழுவதும் ஒரே தாளத்தில் ஆடினால் பெரிய மேதாவியாகி விடலாமே என்று யாராவது நினைக்கலாம். அப்படி ஆடினால் வருவது மேதை அல்ல, வலிப்பு. நாம் காக்கை வலிப்பு என்று சொல்லும் நோயில், எண்ணற்ற அணுக்கள் அளவு மீறி ஒரே சமயத்தில் துடிக்கின்றன. 1935 இல் பாஸ்டன் நகரத்தில் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் என்பவர்கள், பிள்ளைகளுக்குச் சில வினாடி நினைவு தப்பி வெறித்துப் பார்க்கும் ஒருவகை வலிப்பின்போது, மூளையில் வினாடிக்கு 3 வீதம் பெரிய கூர் அலைகள் எழுவதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பாடம் சொல்லும்போது வெறித்துப் பார்த்ததற்காக அடிபடும் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது கவனக் குறைவல்ல, இந்த நோய்தான்.

இதைப் பேய் என்றும், சாமி என்றும், முன்ஜென்ம வினை என்றும் சொல்லிக் கொண்டு நம் ஜனங்கள் படும் பாட்டைச் சொல்லி முடியாது. வலிப்பு வந்தவன் கையில் சாவிக் கொத்தைத் திணிப்பதும், வேப்பிலை அடிப்பதும், சாட்டையால் அடிப்பதும், சங்கிலி போட்டுக் கட்டி வைப்பதும் இன்றுகூட ஒழிந்தபாடில்லை. சாவி கொடுத்தவுடன் நின்றதே என்பார்கள். அநேக வலிப்புகள் சாவி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானே நிற்கக் கூடியவை. சாவி தேடி எடுத்து வருவதற்கே அந்த நேரம் ஆகிவிடுகின்றது! கிரேக்க தேசத்தில் ஹிப்பாக்ரடீசின் பெயரால் வழங்கும், சுமார் 2400 வருஷத்துக்கு முந்தின ஒரு வைத்திய நூலிலேயே, இது தெய்வக் குற்றமல்ல, மூளையின் நோய் என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

உலகத்தில் சுமார் 5 கோடி பேருக்கு இந்த நோய் இருப்பதாகவும், தக்க சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரையில் வலிப்பில்லாமல் வாழக் கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்லுகின்றது. மருந்தும் குதிரைக் கொம்பு அல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கக் கூடியது. டாக்டரைக் கேளாமல் நடுவில் நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் முக்கியம். யாருக்காவது வலிப்பு வந்தால் நீங்கள் செய்ய வேண்டியது மிகச் சுலபம். பக்கத்தில் கல், நெருப்பு, கூர்மையான சாமான் இருந்தால் அகற்றுங்கள். தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள். கழுத்துப் பக்கம் துணியைத் தளர்த்துங்கள். துடிக்கும் கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ, தண்ணீரோ, எதுவும் திணிக்காதீர்கள். துடிப்பு அடங்கினதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காவிட்டால், அல்லது நினைவு திரும்பாமலே மறுபடி வந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

பெண்களுக்கு இதனால் நேரும் கொடுமை தனியாய்ச் சொல்லத் தக்கது. வலிப்பு உண்டென்று தெரிந்தால் கல்யாணம் நிற்கின்றது. தெரியாமல் நடந்தால் பெண்ணைத் தாய் வீட்டில் கொண்டு வந்து விட்டுவிடுகிறார்கள். இந்து விவாகச் சட்டத்திலேயே இந்த நோய் கல்யாணத்துக்கு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999 இல்தான் சட்டத்தைத் திருத்தி அந்த வார்த்தையை எடுத்தார்கள். சட்டப் புஸ்தகத்திலிருந்து போய்விட்டது. நம் திண்ணைப் பேச்சிலிருந்து எப்போது போகும் என்று கேட்கிறோம்.

புதுப் பூசாரிகள்

நிற்க, பழைய பூசாரி வேப்பிலை வைத்திருந்தால், புதுப் பூசாரி விஞ்ஞானத்தின் வார்த்தையை வைத்திருக்கின்றான். சில வருஷங்களாக நம் நாட்டுப் பட்டணங்களில் "மத்திய மூளையைத் தட்டி எழுப்புகிறோம்" என்று சொல்லி, ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்கிக் கொண்டு, பிள்ளைகளுக்குச் சங்கீதம் போட்டு, கண்ணைக் கட்டிக் கொண்டே புஸ்தகம் படிக்கச் செய்வதாக வித்தை காட்டினார்கள். வலது மூளையையும் இடது மூளையையும் ஒன்று சேர்த்து விட்டோம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நாம் சொல்லுவதாவது, வலதையும் இடதையும் சேர்க்கும் பாலம் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறக்கும்போதே இருக்கின்றது. அதில் சுமார் 20 கோடி நரம்பிழைகள் உண்டு. மத்திய மூளை என்பதும் தூங்கிக் கிடப்பதல்ல. கண்ணை அசைப்பது முதலான வேலைகளை அது ஓயாமல் செய்து வருகின்றது. அது வேலை செய்யாவிட்டால் பிள்ளை உங்கள் முன் விழித்து உட்கார்ந்திருக்கவே முடியாது. பின்னே எப்படிப் படிக்கின்றான் என்றால், மூக்கோரத்தில் உள்ள இடுக்கு வழியாய்க் கீழே பார்த்துத்தான். சந்தேகமிருந்தால் இடுக்கில்லாமல் மூடிப் பாருங்கள்; அல்லது புஸ்தகத்தைப் பிள்ளையின் பிடரிக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். வித்தை அதோடு தீர்ந்துவிடும். இதில் பணம் போவது மாத்திரம் நஷ்டமல்ல. பெற்றோரைச் சந்தோஷப்படுத்துவதற்காக ஒரு பிள்ளை பொய் சொல்லப் பழகுகின்றதே, அதுதான் பெரிய நஷ்டம்.

மூளையின் பாகங்கள் நன்றாய்ச் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமானால் அதற்குச் செப்படி வித்தை கிடையாது. பிள்ளைக்கு வயிறாரச் சாப்பாடு, இரவில் போதுமான தூக்கம், அடியில்லாத பள்ளிக்கூடம், கேள்வி கேட்டால் அதட்டாத பெற்றோர், கையால் செய்து பார்க்கும் வேலை இவைகள்தான் வேண்டும். உலக்கை பிடிக்கப் பழகினவளுக்குத்தான் தாளம் வருகின்றது. பாட்டுக் கேட்டால் மாத்திரம் நெல் குத்துப்படாது.

முடிவாக, தோழர்களே! நாம் இவ்வளவு நேரம் சொன்னதன் சாரம் இதுதான். தலைக்குள் ராஜா இல்லை. பல இடத்தில் பல வேலை செய்யும் பாகங்கள் ஒன்றையொன்று கவனித்து, வேண்டும்போது கூடி, வேலை முடிந்ததும் கலைந்து, மறுபடி வேறு விதமாய்க் கூடுவதையே நாம் யோசனை என்கிறோம். கூடவே முடியாவிட்டால் மயக்கம்; கலையவே முடியாவிட்டால் வலிப்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அறிவு. இதை வேப்பிலைக்காரனும் சொல்லவில்லை, கண் கட்டு வித்தைக்காரனும் சொல்லவில்லை. தாங்கள் சொன்னதைப் பிறர் சோதித்துப் பார்க்க இடங் கொடுத்தவர்களே சொன்னார்கள். ஆதலால் உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ வலிப்பு உள்ள ஒரு பிள்ளை இருந்தால், நாளைக் காலையில் மந்திரவாதி வீட்டுக்குப் போகும் காலை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்புங்கள். இந்தக் கூட்டத்தில் ஒருவராவது அப்படிச் செய்தால் நாம் இங்கு வந்து பேசியதற்குப் பலன் உண்டென்று கருதுவோம்.